மணற்காட்டுக் கடலின் விடுமுறை

அந்த ஆவணியில் மணற்காட்டுக் கடல் விடுமுறைக்குத் தென் இத்தாலிக்கு வந்தது. அதைக் கூட்டிக்கொண்டு போய் ஊர்களையும் கரைகளையும் காட்டும் பொறுப்பு ஜெசிந்தாவுக்கு வந்து சேர்ந்தது. மணற்காடு என்ற மீனவ ஊரின் ஆட்களில் சிசிலியில் இருந்தவள் அவள் ஒருத்திதான். தவிர, அவளுக்கும் கடலுக்கும் ஒரு உறவும் இருந்தது. அவளுடைய கணவன் பொனிப்பாஸ் அந்தக் கடலுக்குள்தான் இருந்தான்.

கடல்தொழிலுக்குப் போய்த் திரும்பாமல் விட்டபோது அவனுக்கு இருபத்தாறு வயது. வள்ளம் மட்டும் தானாகக் கரைக்கு வந்தது. கலியாணமாகி ஒரு மாரிகாலம்கூட அவர்கள் சேர்ந்து காணவில்லை. பிறகு ஜெசிந்தா ஒரு சித்தப்பாவின் உதவியோடு சிசிலியின் பலர்மோ நகருக்கு வந்து, வயதானவர்களைப் பராமரிக்கும் வேலையில் சேர்ந்தாள். ஒருவர் இறந்தால் இன்னொருவர் வீட்டுக்குப் போவாள். இப்போது சிஞ்ஞோரா கொன்செத்தாவின் வீட்டில் இருந்தாள். தலை பாதிக்குமேல் நரைத்துவிட்டது.

கடல் புறப்பட்ட அன்று ஊரிலிருந்து மாமி லூர்த்தம்மா தொலைபேசியில் கூப்பிட்டாள். பொனிப்பாஸின் தாய்.

"பிள்ளை, கடல் வெளிக்கிட்டிட்டுது. வடிவாய்ப் பார். ஒரு நாளும் ஓய்வெடுக்காத சீவன், நல்லாய்க் களைச்சுப் போச்சு."

"பாக்கிறன் மாமி."

"சுத்திக் காட்டு. சாப்பிடக் குடு. பிறகு ஆறுதலாய் அவனைப் பற்றிக் கேள். சண்டை பிடிச்சுப்போடாதை. மரியாதையாய்க் கேள்."

விமானத்தில் இடம் போதாது என்று சொல்லிவிட்டதால், கடல் தன் அகலத்தை ஊரிலேயே விட்டுவிட்டு ஆழத்தை மட்டும் கொண்டு வந்திருந்தது. பயணிகள் வெளியே வரும் வாசலில், தள்ளுவண்டிகளுக்கு நடுவே, உடம்பு வைத்த ஒரு நடுத்தர வயதுப் பெண்ணின் அளவில் கரும்பச்சையாக நின்றது. நின்ற இடத்தில் தரை நனைந்திருந்தது. சாதாளைப் பாசியின் மணம் வந்தது. ஜெசிந்தா அந்த மணத்தை மறந்துவிட்டிருந்தாள்.

"நீ ஆற்றை பிள்ளை?" என்று கடல் கேட்டது.

"லூர்த்தம்மான்ரை மருமோள்."

"ஓ, கோயிலுக்குப் பின்னாலை கிடக்கிற கொட்டில். தெரியும்."

எப்படித் தெரியும் என்று ஜெசிந்தா கேட்கவில்லை. ஒருமுறை அது அந்த வீடுவரைக்கும் வந்து போயிருந்தது. மற்ற வீடுகளுக்குள்ளும் போயிருந்தது.

முதலில் மொண்டெல்லோ கடற்கரைக்குப் போனார்கள். பலர்மோக்காரர்கள் முழுப்பேரும் அங்கேதான் கிடந்தார்கள். வெள்ளை மணலில் குடைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. உடுப்பு மாற்றுகிற சின்னச் சின்ன மரக் குடில்கள் வரிசையாக இருந்தன. ஜெசிந்தா ஒரு சாய்கதிரையை வாடகைக்கு எடுத்துக் கொடுத்தாள். கடல் அதில் சாய்ந்திருந்து எதிரே இருந்த கடலைப் பார்த்தது.

"இது ஏன் இப்பிடிச் சும்மா கிடக்குது? ஒருத்தரும் வலை போடேல்லையோ?"

"இஞ்சை இது விளையாடுறதுக்கு."

கடல் சாய்கதிரையில் நிமிர்ந்து இருந்தது.

"என்னட்டையும் சின்னப்பிள்ளையள் விளையாட வாறவை," என்றது பிறகு. "கொஞ்சம் வளந்த உடனை தொழிலுக்கு வந்திடுவினம்."

பக்கத்துக் குடையின் கீழிருந்த ஒரு சிறுமி தன் வாளியைக் கொண்டுவந்து கடலிடமிருந்து கொஞ்சம் அள்ளினாள். அவளுடைய தாய் எழும்பி வந்து, விருந்தாளியிடம் கேட்காமல் எடுக்கக் கூடாது என்று கண்டித்து, அள்ளியதைத் திருப்பி ஊற்ற வைத்தாள். பரவாயில்லை என்று கடல் சொன்னது. ஆனால் ஊற்றியபோது வாளிக்குள் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டது.

அடுத்த நாள் காலை ரயிலில் செஃபலூவுக்குப் போனார்கள். பெரிய பாறையின் காலடியில் ஒட்டிக்கிடந்த ஊர் அது. ஒழுங்கைகளில் துணிகள் காய்ந்தன. துறைமுகத்துக்குப் பக்கத்து மணலில் சனங்கள் நீந்தினார்கள். கடலுக்கு நீச்சலில் விருப்பம் இருக்கவில்லை, கோயிலுக்குப் போகவேண்டும் என்றது. பேராலயத்தின் உள்ளே, பொன்நிறக் கூரையிலிருந்து பெரிய கண்களோடு பார்த்துக்கொண்டிருந்த ஆண்டவரின் முன்னால் முழங்காலில் நின்றது. கோயில்பிள்ளை துடைப்பானைக் கொண்டுவந்து, அது செபித்து முடிக்கும்வரை ஒரு தூணருகில் காத்திருந்தார்.

பிறகு கடல் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனது. அதற்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராக மதியச் சாப்பாட்டுக்குக் கலைந்துவிட்டார்கள். ஜெசிந்தா வாங்கில் இருந்தபடியே கொஞ்சம் கண்ணயர்ந்தாள். கடைசியில் குருவானவர் முழங்கால்வரை நனைந்த அங்கியைப் பிழிந்துகொண்டு வெளியே வந்தார்.

"என்ன சொன்னவர்?" என்று அவள் கடலைக் கேட்டாள்.

"மிச்சத்தை நாளைக்கு வந்து சொல்லட்டாம். நாளைக்கு நாங்கள் இஞ்சை நிக்கமாட்டம் எண்டனான். போற ஊரிலையும் கோயில் இருக்குமாம்."

அன்று பின்னேரம் மாமி கூப்பிட்டாள். ஊரில் கடலின் அகலம் அப்படியே கிடந்தது, ஆழம்தான் இல்லை. கணுக்கால் அளவு தண்ணீர். வள்ளங்கள் எல்லாம் தரைதட்டி நின்றன.

"ஊரே இறங்கித் தேடினது பிள்ளை. நானும் போனனான். அடிவானம்வரைக்கும் நடந்தம். சிப்பியும் சோகியும் கிடக்குது, பழைய நங்கூரங்கள் கிடக்குது. எங்கடை ஆக்கள் ஒருத்தரையும் காணேல்லை."

"எல்லாரும் எங்கை மாமி?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறன்," என்றாள் மாமி.

அடுத்த நாள் பெருநிலத்துக்குப் போகும் வழியில், மெசீனாவில் ரயில்பெட்டிகளைக் கழற்றிக் கப்பலுக்குள் தள்ளி, சனங்களோடு சேர்த்து நீரிணையைக் கடத்தினார்கள். கடல் யன்னலோரம் இருந்து கண்களை மூடிக்கொண்டது. மற்றக் கடல்களின் முதுகில் ஏறிப் போய்த் தனக்குப் பழக்கமில்லை என்றது. எதிரே இருந்த ஜெசிந்தா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அகலத்தில் அவர்கள் இல்லை என்றால் ஆழத்தில்தான் இருக்கவேண்டும். ஆழம் அவளுக்கு எதிரே இருந்தது. அதன் மடியில், அவள் சீவிக்கொடுத்த பீச்சஸ் பழத்துண்டுகள் ஒரு கடதாசித் தட்டில் இருந்தன. அப்படியென்றால் பொனிப்பாஸ் மூன்று நாளாக அவளோடுதான் பயணம் செய்கிறான். மொண்டெல்லோவைப் பார்த்திருக்கிறான். செஃபலூவில் அவள் வாங்கில் தூங்கி விழுந்ததையும் பார்த்திருக்கலாம். அவள் கைப்பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொண்டாள்.

த்ரோபேயா மலை விளிம்பில் நின்ற ஊர். வீடுகளின் சுவர்கள் அப்படியே பாறையாகிக் கீழே இறங்கின. கடைகளில் சிவப்பு வெங்காயத்தைப் பின்னல்களாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். கடற்கரையில் தனியாக எழும்பி நின்ற ஒரு பாறையின் உச்சியில் மாதா கோயில் இருந்தது. இருவரும் படிகளில் இறங்கி மணலுக்கு வந்தார்கள். ஜெசிந்தா கட்டிக்கொண்டு வந்த பாணையும் சம்பலையும் சாப்பிட்டார்கள். கடல் கை கழுவிய பிறகு அவள் கேட்டாள்.

"என்ரை அவர் உங்களிட்டை இருக்கிறார். பேர் பொனிப்பாஸ். கச்சான் காத்து அடிச்ச மாதம் வந்தவர். நீலக்கட்டம் போட்ட சாரம்."

"கனபேர் இருக்கினம் பிள்ளை. நான் பேர் கேக்கிறேல்லை." கடல் சங்கடப்பட்டது. "கையை விட்டுப் பார்."

அவள் சட்டைக் கையை மடித்துவிட்டு, கையைத் தோள்வரைக்கும் கடலுக்குள் விட்டாள். முதலில் வெதுவெதுப்பாக இருந்தது, பிறகு குளிர்ந்தது. விரல்களில் வலை நூல் தட்டுப்பட்டது. ஒரு கதவின் தாழ்ப்பாள். ஒரு சின்னப் பிள்ளையின் சப்பாத்து. அவள் அதை மெல்ல விலத்தினாள். பிறகு கைகள் வந்தன. ஒவ்வொன்றும் அவளுடைய கையைத் தொட்டுப் பார்த்து, தாங்கள் எதிர்பார்த்த கை இதில்லை என்று விட்டுவிட்டுப் போயிற்று. கடைசியில் ஒரு கை வந்தது. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே கயிறு இழுத்த வடு ஆழமாக ஓடியிருந்தது. அவள் அதை இறுகப் பிடித்தாள்.

அந்தக் கை அவளுடைய உள்ளங்கையைத் தடவிப் பார்த்தது. சவுக்காரமும் குளோரினும் தின்ற வெடிப்புகளில் விரல் நின்று நின்று போயிற்று. தடித்துப்போன மூட்டுகளைத் தடவியது. பிறகு தானும் இறுகப் பிடித்துக்கொண்டது.

"என்ன சொல்லுறார்?" என்று கேட்டாள்.

கடல் குனிந்து உள்ளுக்குக் காது கொடுத்தது.

"அம்மா எண்டு கூப்பிடுறான்," என்றது.

மணலில் யாரோ பந்தடித்தார்கள். பாறைமேல் கோயில் மணி அடித்து ஓய்ந்தது. ஜெசிந்தா மற்றக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஓம் மோனை," என்றாள்.

"சுகமாய் இருக்கிறீங்களோ எண்டு கேக்கிறான்."

"இருக்கிறன் ராசா. ஒரு குறையுமில்லை."

"ஜெசி எங்கையாம்?"

அவள் உள்ளே பிடித்திருந்த கையை இன்னும் இறுக்கினாள்.

"அவள் பயணம் போயிட்டாள் மோனை," என்றாள் அவள். "இத்தாலிக்கு. நல்ல நல்ல கடற்கரையெல்லாம் சுத்திப் பாத்துக்கொண்டு திரியிறாள்."

உள்ளே கை கொஞ்சம் தளர்ந்தது.

"சிரிக்கிறான்," என்றது கடல். "அவளுக்குக் கடல் எண்டால் பயமாம். இப்ப பயம் தெளிஞ்சிட்டுதோ எண்டு கேக்கிறான்."

"தெளிஞ்சிட்டுது எண்டு சொல்லுங்கோ."

கடல் சொன்னது. பிறகு நிமிர்ந்து அவளைப் பார்த்தது. "உன்ரை ஆள்தானே. வேணுமெண்டால் இப்ப இழுத்தெடு. நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

இழுத்திருந்தால் வந்திருப்பான். அந்தப் பிடியில் அது தெரிந்தது. நீலக்கட்டச் சாரத்தோடு இந்த மணலில் எழும்பி நின்று, முதலில் அம்மாவைத் தேடுவான். பிறகு குடைகளின் கீழ்க் கிடக்கிற இளம்பெண்களுக்குள் ஜெசியைத் தேடுவான். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு அவளையும் கடந்து போவான். போகும்போது மரியாதையாக விலகி வழி விடுவான்.

ஜெசிந்தா கையை மெல்ல வெளியே எடுத்தாள். தோள்வரைக்கும் உப்புப் பூத்திருந்தது.

"திரும்பிப் போகேக்கை அவரை மாமியட்டை, ஊர்க் கரையிலை விட்டுவிடுங்கோ."

"உனக்கு?"

"சிஞ்ஞோரா மகள் வீட்டிலையிருந்து திங்கக்கிழமை வந்திடுவா. நான் வேலைக்குப் போகவேணும்."

கடல் தலையாட்டியது. பயணத்தில் இன்னும் ஓர் ஊர் மிச்சம் இருந்ததால் அதையும் பார்த்துவிடுவோம் என்று பொலிஞ்ஞானோவுக்குப் போனார்கள். இரண்டு செங்குத்துப் பாறைகளின் நடுவே ஒரு கையளவு கரை, முழுக்கக் கூழாங்கல். பாறை உச்சியில் வீடுகள். அங்கிருந்து இளம்பொடியன்கள் கைகளை விரித்துக்கொண்டு கீழே குதித்தார்கள்.

"ஏன் குதிக்கினம்?" கடல் ஜெசிந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டது.

"சந்தோசத்துக்கு."

"திரும்பி வருவினமோ?"

"வருவினம். பாருங்கோ."

ஒவ்வொருவன் குதிக்கும்போதும், தண்ணீர் பிளந்து அவன் தலை மேலே வரும்வரைக்கும் கடல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. தலை தெரிந்ததும் மூச்சை விட்டது. சூரியன் பாறைக்குப் பின்னால் போய், கடைசிப் பொடியனும் துவாயைப் போர்த்திக்கொண்டு படியேறும்வரை இருவரும் அப்படியே நின்றார்கள். இந்த இடம்தான் எல்லாவற்றிலும் வடிவு என்று கடல் சொன்னது. அடுத்த நாள் பாரி விமான நிலையத்தில் அதை ஏற்றிவிட்டு ஜெசிந்தா பலர்மோவுக்குத் திரும்பினாள்.

மாமியிடமிருந்து அழைப்பு வந்தபோது அவள் சிஞ்ஞோராவின் படுக்கைவிரிப்பை மாற்றிக்கொண்டிருந்தாள்.

"வந்திட்டான் பிள்ளை. கோயில் பூசை முடிஞ்சு வாறன், படலையடியிலை நிக்கிறான். அதே சாரம். ஈரம்கூடக் காயேல்லை."

ஜெசிந்தா விரிப்பை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் இருந்துவிட்டாள். "உங்களை அடையாளம் கண்டவரோ?"

"அப்பாச்சி எண்டு கூப்பிட்டான்." மாமி குரலைத் தாழ்த்தினாள். "எனக்கு இப்ப என்ரை மாமியின்ரை முகம்தானே. முதல் அழுதனான். பிறகு பாத்தால், அப்பாச்சி எண்டு கூப்பிடேக்கை ஓடி வாறான். அதுவும் நல்லாய்த்தான் கிடக்குது."

"வேறை என்ன கேட்டவர்?"

"அம்மா எப்ப வருவா எண்டு கேக்கிறான். த்ரோபேயாவிலை கையைப் பிடிச்சவவாம். இத்தாலியிலை வேலை செய்யிறா, வருவா எண்டனான். பொய்யில்லைத்தானே பிள்ளை?"

"பொய்யில்லை மாமி."

"கதைக்கப்போறானாம். குடுக்கட்டோ?"

தொலைபேசி கை மாறும் சத்தம் கேட்டது. பின்னால் அலை அடித்தது. அது முழு ஆழத்தோடு அடித்த அலை.

"அம்மா?"

கலியாண வீட்டில் அவள் காதோரம் குனிந்து பேசிய அதே குரல். ஜெசிந்தா விரிப்பின் ஓரத்தைக் கைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

"ஓம் மோனை. சாப்பிட்டியோ?"

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பேசினார்கள். என்ன சாப்பாடு, மழையோ, அப்பாச்சியின் சொல்லைக் கேட்கிறாயோ என்று அவள் கேட்பாள். ஜெசியைப் பற்றி அவன் கேட்பது குறைந்துகொண்டு வந்தது. பிறகு கேட்கவே இல்லை. ஐப்பசியில் மாமி, சாரம் அவனுடைய இடுப்பில் நிற்குதில்லை, காற்சட்டை வாங்கி அனுப்பு என்றாள். ஜெசிந்தா பலர்மோச் சந்தையில் இரண்டு காற்சட்டை வாங்கி அனுப்பினாள். அவை போய்ச் சேர்ந்தபோது அவனுக்குப் பெரிதாகிவிட்டிருந்தன. அடுத்த முறை சிறிய அளவில் வாங்கினாள். கடைக்காரி வயதைக் கேட்டபோது, பள்ளிக்கூடம் போகிற வயது என்றாள்.

மார்கழியில் ஒருநாள் சிஞ்ஞோராவுக்குச் சூப் பருக்கிக்கொண்டிருந்தபோது மாமி கூப்பிட்டாள்.

"இண்டைக்கு அவனுக்கு முதல் பல்லு விழுந்திட்டுது பிள்ளை. கையிலை வைச்சுக்கொண்டு அழுகிறான். கூரைக்கு மேலை எறியிறதோ, நிலத்திலை எறியிறதோ?"

ஜெசிந்தா கரண்டியைக் கோப்பையில் வைத்தாள்.

"மேல்பல்லோ, கீழ்ப்பல்லோ மாமி?"