பதினாறில் ஒரு பங்கு

ஸ்டியரிங்கை எந்த உயரத்தில் வைப்பது என்று தெரியாமல் சுயம்புலிங்கத்துக்கு ஒரு வாரமாக வேலை ஓடவில்லை. மற்றபடி வண்டி முடிந்த மாதிரிதான். ராணுவத்தில் ஒன் டன் என்று சொல்கிற சின்ன லாரி. நிஜ வண்டியின் பதினாறு அங்குலம் இங்கே ஓர் அங்குலம் என்று வைத்துச் செய்ததில் ஏறக்குறைய ஓரடி நீளம் வந்திருந்தது. ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மாடியில், அவன் பல் செட்டு செய்கிற பட்டறையில், யார் யாருக்கோ செய்த மேல்வரிசை கீழ்வரிசைகளுக்கு நடுவே அது பச்சையாக நின்றது. பானட்டும் மட்கார்டும் ஈறு செய்கிற அக்ரிலிக். பின்பக்கத் தார்ப்பாய்க்கு மட்டும் பேண்டேஜ் துணியைப் பசையில் முக்கி, வளைத்துக் காயவைத்து, மேலே பெயிண்ட் அடித்திருந்தான். ஆஸ்பத்திரிக்கான பேண்டேஜ் துணி நெய்கிற இந்த ஊரில் அதற்கா பஞ்சம்.

அந்த மாதிரி வண்டிகளின் படம் போனில் எத்தனையோ கிடைத்தது. ஆனால் அதைப் பார்த்துச் செய்தால் ஏதோ ஒரு வண்டிதான் வரும். அவனுக்கு வேண்டியது அண்ணன் ஐயாதுரை ஓட்டிய வண்டி. கார்கில் சண்டை நடந்த வருஷம், பனிமலை ரோட்டில், எதிரிக்குத் தெரியக்கூடாதென்று லைட் போடாமல் சாமான் ஏற்றிப்போனபோது பள்ளத்தில் விழுந்த வண்டி. விழுந்ததில் ஐயாதுரை போனான். கூட இருந்த தங்கப்பாண்டியனும் போனான். இரண்டு பேரும் சேத்தூரில் ஒரே தெருவில் வளர்ந்து, ஒரே நாளில் ஆளெடுப்புக்குப் போய், ஒரே ரயிலில் ஏறினவர்கள். டிரைவரின் கவனக்குறைவு என்று கடிதம் வந்தது. அன்றைக்கு வாசலில் வந்து மண்ணை வாரித் தூற்றிய தங்கப்பாண்டியனின் அம்மா பெத்தம்மாள், இருபத்தைந்து வருஷமாக இவர்கள் வீட்டுப் பக்கம் முகம் திருப்பவில்லை.

இந்த வருஷம் முன்னாள் ராணுவத்தினர் சங்கத்தார் சேர்ந்து சேத்தூரில் ஒரு சின்ன மண்டபம் கட்டியிருந்தார்கள். இரண்டு பேர் படத்தையும் மாட்டி, நடுவில் கண்ணாடிப் பெட்டியில் அந்த வண்டியை வைப்பதாக ஏற்பாடு. உனக்குத்தான் கை ஓடுமே என்று சுயம்புவிடம் ஒப்படைத்துவிட்டார்கள். பாதி வேலையில் இருக்கும்போதுதான் பெத்தம்மாள் சொன்னது காதுக்கு வந்தது. "கொன்னவன் படத்துக்குப் பக்கத்துல எம்மவன் படம் தொங்கப்படாது." பெற்றவள் சொல்லுக்கு மேல் சங்கம் என்ன பேச முடியும். அடுத்த ஞாயிறு திறப்பு. அதற்குள் கிழவி மனசு மாறாவிட்டால் ஐயாதுரை படத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டார்கள். அப்படியும் சுயம்பு வேலையை நிறுத்தவில்லை. வண்டியை அவள் கண்ணால் பார்த்தால், அதில் இரண்டு பேருக்கும்தான் இடம் இருந்தது என்பது புரியாதா என்று ஒரு நப்பாசை.

உதவிக்கு முத்துராமலிங்கம் வந்திருந்தார். அந்த வண்டியில் போன மூன்று பேரில் தப்பித்தவர் அவர் ஒருவர்தான். பின்னால் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்திருந்தவர், வண்டி புரண்டபோது வெளியே தூக்கி எறியப்பட்டார். ராணுவ ஸ்டோரில் வேலை பார்த்த ஆள், தளவாய்புரத்துக்காரர். இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு நகைக்கடையில் செக்யூரிட்டி. வருஷம் தவறாமல் ஐயாதுரை இறந்த நாளில் பஸ் ஏறி ராஜபாளையத்தில் சுயம்பு வீட்டுக்கு வந்து, படத்துக்கு மாலை போட்டு, ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போவார். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வருகிற மனுஷன் பால்கோவா வாங்காமல் வாழைப்பழச் சீப்போடு வருகிறாரே என்று சுயம்பு வீட்டில் கேலி பேசுவார்கள். அவருக்கு எந்த வண்டியும் ஓட்டத் தெரியாது. மொபெட்டைக்கூடத் தொட்டதில்லை. ராணுவத்தில் இருந்துவிட்டு இப்படி ஒரு ஆளா என்று அதற்கும் கேலி உண்டு. அவர் சிரித்துக்கொள்வார்.

"உள்ளுக்குள்ள எல்லாம் மறந்துபோச்சு தம்பி. எம்புட்டு வருசம் ஆச்சு," என்றார்.

"மறக்காதுண்ணே. ஒக்காருங்க, சொல்லுதேன்."

சுயம்புவுக்கு இதில் ஒரு தொழில் ரகசியம் இருந்தது. பல்லே இல்லாதவரிடம் சும்மா கடிங்க என்று சொன்னால் அவர் தப்பாகத்தான் கடிப்பார். யோசித்துக் கடிப்பார், கோணிக்கொள்ளும். அதற்குப் பதில் எச்சிலை முழுங்குங்க என்று சொன்னால் தாடை தானாகத் தன் பழைய இடத்துக்குப் போய் நிற்கும். டாக்டர் பக்கத்தில் நின்று இதை நூறு தடவை பார்த்திருக்கிறான். உடம்புக்கு ஞாபகம் இருக்கிறது, நாம் யோசித்துத்தான் அதைக் கெடுக்கிறோம் என்பது அவன் கட்சி. அதனால் முத்துராமலிங்கத்தை நாற்காலியில் உட்காரவைத்து, எட்டு மாசம் அந்த வண்டியில் போயிருக்கிறீர்கள், ஐயாதுரை பக்கத்தில் முன்சீட்டில் எத்தனையோ நாள் உட்கார்ந்திருக்கிறீர்கள், கண்ணை மூடி அந்த மாதிரி உட்காருங்கள், வண்டியைப் பற்றி யோசிக்க வேண்டாம், ரோட்டை மட்டும் சொல்லுங்கள் என்றான். கையில் இஞ்ச் டேப்போடு தரையில் உட்கார்ந்துகொண்டான்.

முத்துராமலிங்கம் முதலில் கூச்சப்பட்டார். பிறகு மெல்ல ரோடு வந்தது. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் ஆறு. தார் கொஞ்ச தூரம், பிறகு வெறும் கல். இருட்டில் முன்னால் போகிற வண்டியின் பின்பக்கம் வெள்ளையாக ஒரு வட்டம் அடித்திருக்கும், அதைப் பார்த்துக்கொண்டே போகவேண்டும். சொல்லச் சொல்ல அவர் முதுகு நிமிர்ந்தது. கைகள் மடியிலிருந்து எழுந்து நெஞ்சுக்கு நேரே வந்து நின்றன. சுயம்புவுக்கு ஒரே சந்தோஷம். தரையிலிருந்து கைக்கு எத்தனை அங்குலம் என்று அளந்து பேப்பரில் எழுதினான்.

"அங்கன ஒரு வளைவு. சடார்னு திரும்பும். ஏத்தம் வேற," என்றார் முத்துராமலிங்கம். அவருடைய இடது கால் முன்னே போய் அழுத்தியது. இடது கை இறங்கி, முழங்காலுக்குப் பக்கத்தில் எதையோ பிடித்துப் பின்னால் இழுத்தது. பிறகு கால் மெதுவாக மேலே வந்தது. கியர் என்று எழுதி, முழங்காலிலிருந்து ஒன்பது அங்குலம் என்று குறித்தான் சுயம்பு. மறுபடியும் அதே மாதிரி. கால் அழுத்தாமல் கை போகவில்லை. இரண்டாவது தடவையும் அளந்து சரிபார்த்தான். அதே ஒன்பது அங்குலம்.

எழுதி முடித்த பிறகுதான் அவனுக்குக் கை நின்றது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கிறவருக்கு கியர் வலது கைப் பக்கம் அல்லவா இருக்கவேண்டும். அதைவிட, மூட்டைமேல் உட்கார்ந்திருந்தவருக்கு, ஓட்டவே தெரியாதவருக்கு, கிளட்ச் எதற்கு.   கீழே ரோட்டில் பஸ்கள் ஹாரன் அடிப்பது எங்கேயோ தூரத்தில் கேட்டது.

முத்துராமலிங்கம் இன்னும் போய்க்கொண்டிருந்தார். வலது கால் ஒன்றை மிதித்தது. விட்டு, மறுபடி மிதித்தது. மறுபடி. தரையோடு தரையாக அழுத்திக்கொண்டு நின்றுவிட்டது. 

"அண்ணே," என்றான் சுயம்பு.  "ஒங்களுக்குத்தான் ஓட்டத் தெரியாதே."

அவர் கண்ணைத் திறந்தார். முதலில் சுயம்புவைப் பார்க்கவில்லை. தன் காலைப் பார்த்தார். அழுத்திக்கொண்டிருந்த பாதத்தை எடுக்கவேண்டும் என்றே அவருக்குத் தோன்றாத மாதிரி வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது சமாளித்துச் சொல்லிவிடமாட்டாரா என்று சுயம்பு காத்திருந்தான். பார்த்துப் பழகினதுதான் தம்பி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நம்பிவிடலாம் என்றுகூட நினைத்தான். 

"அவனுக்கு ரெண்டு நாளா தூக்கம் இல்ல," என்றார். "செத்த நேரம் பின்னால படுத்துக்கிடு, நான் ஓட்டுதேன்னு நாந்தான் சொன்னேன். அவந்தான எனக்கு ஓட்டப் பழகிக் குடுத்தது. லைசென்சு கிடையாது. இருட்டுல ஓட்டுனதும் கிடையாது. வேண்டாம்னுதான் சொன்னான். நான் கேக்கல."

சுயம்பு தரையை விட்டு எழுந்திருக்கவில்லை. இஞ்ச் டேப் கையில் சுருண்டு கிடந்தது.

"ஆஸ்பத்திரில முழிச்சப்போ, ரெண்டு பேரும் இல்லன்னு சொன்னாக. யாரு ஓட்டுனதுன்னு கேட்டாக. ஐயாதுரைன்னு சொல்லிட்டேன். செத்தவனுக்கு இனி என்ன ஆகப்போவுதுன்னு நெனச்சிட்டேன் தம்பி. இங்க ஒங்க ஐயா இருக்காரு, நீ இருக்க, அதெல்லாம் அப்போ தோணல. பொறவு தோணுனப்போ வாய் வரல."

ஐயா என்ற சொல்தான் சுயம்புவைக் குத்தியது. அவன் அப்பாவைச் சேத்தூரில் எல்லோரும் ஐயா என்றுதான் சொல்வார்கள். அவர் ஒருவர்தான் கடைசிவரை ஒத்துக்கொள்ளாதவர். எம்மவன் கையில வண்டி தடம் மாறாது என்று டீக்கடையில், பஞ்சாயத்தில், சாவு வீட்டில் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். கேட்டவர்கள் பாவப்பட்டார்கள், சில பேர் சிரித்தார்கள். ஒரு நாள் பெத்தம்மாள் வீட்டு வாசலில் போய் நின்று அதைச் சொல்ல, அங்கே பெரிய ரகளை. அவரைக் கையைப் பிடித்து இழுத்துவந்தது சுயம்புதான். தெருவே பார்க்க, "ஒங்க மவன் தூங்கி வழிஞ்சு ரெண்டு உசுரக் காவு குடுத்துட்டான். இனியாவது வாய மூடுங்க," என்று கத்தினான். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஆறு வருஷம் உயிரோடு இருந்தார். ஆறு வருஷமும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தார். எல்லோரையும்விட நான்தானே அவரைக் கொன்றது என்று சுயம்புவுக்கு இப்போது தோன்றியது. முத்துராமலிங்கத்தை அடிக்க வேண்டும் போல இருந்தது. அவர் இலையில் அவனே எத்தனை தடவை சோறு போட்டிருக்கிறான். அடிக்கவும் கை எழவில்லை, அழவும் வரவில்லை.

"எதுக்கு வருசா வருசம் வந்திய?" என்று மட்டும் கேட்டான்.

"வராம இருக்க முடியல."

சுவரில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டான் சுயம்பு. பொத்தான் மாறிப்போனது, கழற்றி மறுபடி போட்டான். "வாங்க," என்றான். எங்கே என்று அவர் கேட்கவில்லை.

மோட்டார் சைக்கிளை எடுக்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. சேத்தூர் பஸ்ஸில் போனார்கள். சீட் காலியாகத்தான் இருந்தது, ஆனாலும் சுயம்பு நின்றுகொண்டே வந்தான். வழியெல்லாம் அவன் மனசுக்குள் ஒரே காட்சி. பெத்தம்மாள் கேட்டுவிட்டுத் தன் பக்கம் திரும்புவாள். உங்க அண்ணனைத் தப்பாப் பேசிட்டேனே என்பாள். அழுவாள். படத்தை மாட்டுங்க என்பாள். அந்த ஒரு சொல்லுக்காக இருபத்தைந்து வருஷம் காத்திருந்த மாதிரி இருந்தது அவனுக்கு. ஐயா இல்லாமல் போய்விட்டாரே என்று ஆற்றாமையாகவும் இருந்தது.

பெத்தம்மாள் வாசல் நிழலில் நைலான் கட்டிலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். எண்பது இருக்கும். உடம்பு வற்றி, கை மட்டும் சுறுசுறுப்பாக இருந்தது. சுயம்புவைப் பார்த்ததும் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போக எழுந்தாள்.

"அத்தை, செத்த நில்லுங்க. இவரு பேரு முத்துராமலிங்கம். அண்ணன் கூட அந்த வண்டியில போனவரு," என்றான் சுயம்பு.

அவள் நின்றாள். பின்னால் மூட்டைமேல் உட்கார்ந்து வந்த ஆள் ஒருவர் பிழைத்தார், முன்னால் நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாதாம் என்று அவளும் கேள்விப்பட்டிருந்தாள். நேரில் பார்த்ததில்லை. அவர் இந்த வாசலுக்கு வந்ததே இல்லை.

முத்துராமலிங்கம் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுடுகிற சிமெண்டுத் தரையில் நின்றார். "ஆத்தா, அன்னைக்கு வண்டிய ஓட்டுனது நாந்தான்," என்றார். "ஐயாதுரை பின்னால படுத்திருந்தான். அவன் மேல ஒரு தப்பும் இல்ல. நாந்தான் மாத்திச் சொல்லிட்டேன்."

சுயம்பு அவள் முகத்தையே பார்த்தான். அதில் கோபம் வரும் என்று பார்த்தான், அழுகை வரும் என்று பார்த்தான். அவளுடைய வாய் லேசாகத் திறந்துகொண்டது, அவ்வளவுதான். எதையோ கூட்டிக் கழித்துப் பார்க்கிறவள் போல அவள் கண் இரண்டு மூன்று தடவை மூடித் திறந்தது. சுயம்பு அங்கே நிற்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. ஐயாதுரை என்ற பேர் அவள் காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை. ஓரடி முன்னால் வந்தாள், இன்னும் ஓரடி வந்தாள். முத்துராமலிங்கத்தின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்போ எம்மவன் ஒனக்குப் பக்கத்துலதான ஒக்காந்திருந்தான்," என்றாள்.

அவர் ஆமென்று தலையை ஆட்டினார்.

"கடேசியா என்னய்யா பேசிக்கிட்டு வந்தான்?"

முத்துராமலிங்கம் தன் சட்டைக் கையைப் பிடித்திருந்த அவள் விரல்களைப் பார்த்தார்.  அவள் அவசரப்படுத்தவில்லை. கீரைத் தட்டைத் தரையில் வைத்துவிட்டு, கேட்கிற பக்கத்துக் காதுக்குப் பின்னால் உள்ளங்கையைக் குவித்து, அவருடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.