விழித்திருப்பதாக எழுதப்பட்ட எலிக்குட்டி

நாலு மணிக்குள் ஆய்வு மாநாட்டுக்கு அறிக்கை போக வேண்டும். முதல் பெயர் அவளுடையது. ஆறு வருடம் தூக்க ஆய்வகத்தில் மாடாய் உழைத்து வாங்கிய இடம், சும்மா வந்துவிடவில்லை. அறிக்கை சொன்னது இதுதான்: பிறந்து ஐந்தே நாளான எலிக்குட்டி பெரும்பாலும் விழித்தே கிடக்கிறது, கினிப்பன்றிக் குட்டியோ நன்றாகத் தூங்குகிறது.

கடைசியாக ஒரு படம் சேர்ப்போமே என்று மூன்றரைக்கு வீடியோவை ஓட்டினாள். ரோமமே இல்லாத ஒரு எலிக்குட்டி, வயிறு முட்டப் பால் குடித்துவிட்டு, மூடிய கண்ணோடு ஒருக்களித்துக் கிடந்தது. காலை வெடுக்கென்று உதறியது. மீசை துடித்தது. ஒவ்வொரு உதறலுக்கும் நடுவே கழுத்து ஈரத்துணி மாதிரித் துவண்டது. பக்கத்தில் கணினி பாட்டுக்கு 'விழிப்பு, விழிப்பு' என்று எழுதிக்கொண்டே போனது.

"விழிப்பாம், மண்ணாங்கட்டி," என்றாள் வாய்விட்டு. உடம்பெல்லாம் புல்லரித்தது.

அசைந்தால் விழிப்பு என்ற விதியைக் கணினிக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? சாட்சாத் அவளேதான். அதைச் சரிபார்த்ததோ கினிப்பன்றிக் குட்டிகளை வைத்து. அவை கண்ணைத் திறந்துகொண்டே பிறந்து, அன்றைக்கே ஓடத் தொடங்கும் கில்லாடிகள். தூக்கத்தில் அவ்வளவாகத் துள்ளுவதில்லை. எலிக்குட்டி அப்படியா? அரைவேக்காடாகப் பிறந்து, மிச்ச வளர்ச்சியைத் தூங்கித் தூங்கியே முடித்துக்கொள்கிறது. விழித்திருந்தால் கழுத்து விறைப்பாக நிற்கும்; கழுத்து துவண்டு கிடக்க, கைகால் மட்டும் துள்ளுவதுதானே கனவுத் தூக்கத்தின் அடையாளம்!

தலைமை ஆய்வாளரின் அறைக்குள் கதவைக்கூடத் தட்டாமல் நுழைந்தாள். "சார், அனுப்பிடாதீங்க. எலிக்குட்டிங்க தூங்குது சார். நாள் பூரா தூங்குது. அசைஞ்சா முழிப்புன்னு விதி போட்டு, நாமதான் முழிச்சிருக்குன்னு எழுதி வச்சிருக்கோம்."

அறிக்கையை அனுப்பப் போன கை அப்படியே நின்றது. "யார் எழுதின விதி அது?"

மழுப்பிவிடலாமா என்று ஒரு நொடி தோன்றத்தான் செய்தது. "நான்தான் சார்."

"இப்ப நிறுத்தினா அடுத்த வருஷம்தான் அனுப்ப முடியும். உன் பதவி உயர்வும் அதோட போச்சு. தெரியுதா?"

"தெரியுது சார். மொதல்ல வந்து அந்தக் கழுத்தைப் பாருங்க."

வேண்டாவெறுப்பாக எழுந்து வந்தார். பார்த்தார். மறுபடி ஓட்டச் சொல்லிப் பார்த்தார். பிறகு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். பதவி உயர்வு கைநழுவியது அவளுக்கு உறைக்கவே இல்லை. சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. நாலு மணி எப்போது தாண்டியதென்று இருவருக்குமே தெரியாது.

"அடுத்த குட்டியோட வீடியோவைப் போடும்மா," என்றார்.