பின்னால் நிற்க முடியாத செம்பியன்

கச்சேரி ரோட்டில் போட்டோக்கடை வைத்திருக்கும் ஹபீபுர் ரஹ்மான் ஒரு படத்தின் பின்னணியிலிருந்து எதை அழித்தாலும், அது நிஜத்திலும் இருந்த இடத்தை விட்டுக் கிளம்பி அவர் கடையின் பின்சந்தில் வந்து நிற்கும். கம்ப்யூட்டரில் புது சாஃப்ட்வேர் போட்ட வருஷம் இது ஆரம்பித்தது. முதலில் வந்தது ஒரு சிவப்பு வாளி, தண்ணீரோடு. அப்புறம் துணியோடு ஒரு கொடிக்கயிறு, கேஸ் சிலிண்டர், அடையாறில் யாரோ வீட்டு மாடிப்படியில் பாதி. மயிலாப்பூர்க்காரர்கள் கொஞ்ச நாள் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு, சந்தில் ஸ்கூட்டர் நிறுத்த இடமில்லை என்று மட்டும் சண்டை போட்டார்கள்.

எங்களுக்கு இதுவும் ஒரு பிழைப்பாயிற்று. சந்து முனையில்தான் எங்கள் மூணுசக்கர மீன்பாடி வண்டி ஸ்டாண்டு. பெயர்தான் மீன்பாடி, மீன் ஏற்றிப் பல வருஷமாகிறது. சிமெண்டு, பீரோ, கல்யாணப் பாத்திரம் என்று எதையும் ஏற்றுகிறவர்கள், அழிந்து வந்த சாமானையும் ஏற்றி அவரவர் வீட்டில் சேர்த்தோம். ஒருநாள் சுப்புலக்ஷ்மி மாமி மூச்சிரைக்க வந்தாள். "எங்காத்து ஃப்ரிட்ஜ் இங்க வந்திருக்கா பாருங்கோ, உள்ள தோசை மாவு வேற இருக்கு" என்றாள். வரன் பார்க்க அனுப்பிய மகன் ஸ்ரீவத்சனின் படத்தில் பின்னால் நின்ற ஃப்ரிட்ஜ் அது. மாடிக்குத் தூக்கிப்போய் வைத்தோம். ஸ்ரீவத்சன் அதற்கு முதுகைக் காட்டித் திரும்பினான். ஃப்ரிட்ஜ் மறுபடி சந்துக்கு வந்துவிட்டது. திரும்பத் திரும்பத் தூக்கி, இடுப்பு விட்டுப்போன பிறகுதான் எங்கள் மண்டையில் ஏறியது: அழிக்கப்பட்டது அந்தப் படத்து ஆளுக்கு முன்னால் இருக்கலாம், பக்கத்தில் இருக்கலாம், பின்னால் மட்டும் இருக்கக்கூடாது. "ஃப்ரிட்ஜுக்கு முதுகைக் காட்டாதேடா" என்று மாமி பிள்ளைக்குச் சொல்லிவிட்டாள். அவனும் பழகிக்கொண்டான்.

இவ்வளவும் தெரிந்த எங்கள் ஸ்டாண்டு செம்பியன்தான் அந்தக் காரியத்தைச் செய்தான். அவன் மகள் அன்புக்கரசி தி. நகரில் துணிக்கடையில் நாளெல்லாம் நின்று வேலை செய்கிற பெண். அம்மா இல்லை. வடபழனியிலிருந்து சம்பந்தம் வந்தது. பையன் பெருங்குடி ஆபீஸ் ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் டிரைவர். படம் கேட்டார்கள். செம்பியன் இருப்பது ஹவுஸிங் போர்டு வீடு. பெண்ணை எங்கே நிறுத்தினாலும் பின்னால் டிரம்மோ, ரேஷன் பையோ, அவன் லுங்கியோ வந்து நின்றது. அதனால் மயில் போட்ட போர்வையை அவனே இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் பின்னால் நின்றான். பக்கத்து வீட்டுக்காரர் செம்பியனின் போனிலேயே படம் எடுத்துக் கொடுத்தார். படத்தில் பெண் லட்சணமாக இருந்தாள். அவளுக்குப் பின்னால் மயில். மயிலுக்கு மேலே இரண்டு முஷ்டியும், மூக்கு வரைக்கும் செம்பியனும். படத்தை ஹபீபுர் ரஹ்மான் பாயிடம் கொண்டுவந்தான்.

"பின்னாடி கீறது எல்லாத்தையும் எட்த்துடு பாய். பொண்ணு மட்டும் போதும்."

"எல்லாத்தையுமா?" என்று பாய் கேட்டார்.

"இன்னா பாய், தமிழ்லதானே சொல்லிக்கினு கீறேன்."

டீ குடித்துக்கொண்டிருந்த நாங்களும் சரி என்று தலையாட்டினோம். ஃப்ரிட்ஜ் சாமான், வாளி சாமான். நம் ஆளும் அந்தப் படத்தில் நிற்கிறான் என்றே எங்களில் ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. தெப்பக்குளத்தோரம் படம் எடுத்துக்கொண்ட ஜோடிகள் எல்லாருக்கும் பின்னால் எங்கள் பனியன் ஒன்று நிற்கும்; அதை நாங்கள் கணக்கில் சேர்த்ததே கிடையாது. பாய் பட்டனைத் தட்டினார். கவுண்டர் பக்கம் நின்றுகொண்டிருந்த செம்பியன் அங்கே இல்லை. பின்வாசல் வழியாகப் போர்வையும் கையுமாக உள்ளே வந்து, "நான் இன்னாத்துக்கு இந்தப் பக்கமா வரேன்?" என்று கேட்டான். நாங்கள் சிரித்ததில் டீ சிந்தியது.

வீட்டுக்குப் போனான். அன்புக்கரசி சொம்பு எடுக்கத் திரும்பினாள். செம்பியன் சந்தில் நின்றான். அப்போது நாங்கள் சிரிக்கவில்லை. பாய் பழைய படத்தைத் திரும்பக் கொண்டுவரப் பார்த்தார், அழித்த படமே அதன் மேல் சேவ் ஆகிவிட்டிருந்தது. போனிலாவது இருக்கும் என்றால், நாங்கள் தினமும் அனுப்பும் குட்மார்னிங் ரோஜாப்பூக்களால் அது நிரம்பி வழிந்து, இடம் வேண்டுமென்று செம்பியன் அந்த ஒரு படத்தைத்தான் அழித்திருந்தான். ரோஜாப்பூ எல்லாம் பத்திரமாக இருந்தது.

அன்றிலிருந்து தெருவில் அவன் முன்னால் நடந்தான், மகள் பின்னால் வந்தாள். அவள் சோறாக்கும்போது அடுப்புக்கும் சுவருக்கும் நடுவில் ஒண்டிக்கொண்டு நின்றான். வடபழனியில் படம் பிடித்துப்போய், முகூர்த்தமும் குறித்துவிட்டார்கள். அன்புக்கரசி கேட்டது ஒன்றே ஒன்று. "அம்மாதான் இல்ல. தாலி ஏர்றப்ப நைனா நீ என் பின்னாடி நிக்கணும்." நின்றால் தாலி வடபழனியில் ஏறும், அப்பன் மயிலாப்பூரில் இருப்பான். பஸ் பிடித்துத் திரும்புவதற்குள் பந்தி முடிந்துவிடும். எங்கள் மூளைக்கு எட்டியதை நாங்களும் செய்து பார்த்தோம். பெண்ணை ஸ்டாண்டுக்கு வரவழைத்து, அவள் பின்னால் செம்பியனை வண்டியோடு சேர்த்துக் கயிறு போட்டுக் கட்டினோம். மூட்டை கட்டுகிறவனுக்கு வேறென்ன தோன்றும்? வண்டியும் கூடவே சந்துக்குப் போயிற்று. முடிச்சு மட்டும் அவிழவில்லை. அவனை விடுவிக்கக் கத்தி தேட வேண்டியதாயிற்று.

முகூர்த்தத்தன்று செம்பியன் மேடையேறினான். பின்பக்கம் போகவில்லை. நேராக மகளுக்கு முன்னால் போய், அவள் முகத்தைப் பார்த்தபடி, கேமராவுக்கு முதுகைக் காட்டி நின்றுவிட்டான். போட்டோக்காரர் கத்தினார். "பெருசு, ஃப்ரேம்ல கீற, நவுரு!" இந்த வார்த்தைக்கு எங்கள் கால் தானாக நகரும். ஹாலின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த நாங்கள்கூட நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினோம். செம்பியன் அசையவில்லை.

"பின்னாடி போனா மயிலாப்பூர் பூடுவேன் தம்பி. நீ வேணா நவுரு."

மேடை அகலம் அவ்வளவுதான், நகர இடமில்லை. மேளம் கொட்டியது. தாலி ஏறும்போது குனிந்திருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். பின்னால் நின்றிருந்தால் அவள் கண்ணில் பட்டிருக்காத முகம், எதிரே ஒரு முழத் தூரத்தில் இருந்தது.

"அழாத நைனா, மூக்கு ஒழுவுது" என்றாள்.

ஆல்பம் வந்தது. முகூர்த்தப் படம் எல்லாவற்றிலும் செம்பியனின் பின்மண்டை, அதில் வட்டமாக ஒரு வழுக்கை, புதுச்சட்டைக் காலருக்கு வெளியே விலைச்சீட்டு. மாப்பிள்ளையின் அம்மா ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு ஹபீபுர் ரஹ்மானிடம் வந்தாள். "இந்த மண்டைய மட்டும் எட்த்துக் குடுங்க பாய்."

பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "பின்னாடி இருக்கறவங்கள எடுக்கலாம்மா. முன்னாடி நிக்கறவர எடுத்தா அங்க உங்க மருமக மூஞ்சி இருக்காது, ஓட்டைதான் இருக்கும்."

அந்த அம்மா ஆல்பத்தை மூடி எடுத்துக்கொண்டு போனாள். வடபழனியில் வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அதைத்தான் காட்டுகிறார்கள். பொண்ணு எங்கே என்று கேட்டால், "அவங்க நைனாவுக்குப் பின்னாடி நிக்குது" என்று மாமியாரே சொல்லிவிடுகிறாள். பார்த்தவர்கள் சரி என்று அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறார்கள்.