துவக்குக்கு வைத்த பொட்டு

என் மகளிடமிருந்து சுடுகிற துவக்கைப் பிரித்தெடுக்க இரண்டு வருடமாகப் படாத பாடு பட்டேன். கத்தினேன், சாப்பிடாமல் கிடந்தேன், ஒரு தடவை கன்னத்தில் ஓங்கி அறைந்தேன். அறைந்த வேகத்தில் அவளுடைய கண்ணாடி பறந்து போய் ஃபிரிட்ஜுக்கு அடியில் விழுந்தது. அவள் குனிந்து எடுத்து, சட்டையில் துடைத்துப் போட்டுக்கொண்டு, "சனிக்கிழமை பத்து மணிக்குப் பிராக்டிஸ், அம்மா" என்றாள். அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று என்னிடம் யாரும் கேட்க வேண்டாம். எனக்குத் தெரியும்.

என் அக்கா பிரியந்தியின் பிடிவாதம் அது. மட்டக்களப்பில் எங்கள் வாசலுக்குத் துவக்கோடு வந்தவர்கள் வீட்டுக்கு ஒரு பிள்ளையை இயக்கத்துக்குக் கேட்டார்கள். அவர்கள் கையில் இருந்த கடதாசித் துண்டில் என் பெயர்தான் எழுதியிருந்தது. எனக்கும் அன்று பதின்மூன்று. நான் கோழிக்கூட்டுக்குள் ஒளிந்திருந்தேன். அங்கிருந்து அக்காவின் கால்கள் மட்டும் தெரிந்தன. "நான்தான் யோகமலர்" என்று சொல்லிவிட்டு அந்தக் கால்கள் அவர்களோடு நடந்து போயின. ஏழு மாதத்தில் அக்காவின் சவப்பெட்டி வந்தது. திறக்க வேண்டாம் என்றார்கள். அம்மா திறந்து பார்த்தாள். அதற்குப் பிறகு அம்மா கையால் சோறு பிசைந்து சாப்பிட்டதே இல்லை, கரண்டிதான்.

இப்படிப்பட்ட என் வயிற்றில் பிறந்தவளுக்குத்தான் துவக்குச் சுடுகிற ஆசை வந்தது. நான் அறையாமல் என்ன செய்வேன்?

"அது விளையாட்டுத் துவக்கப்பா. வெடிமருந்து இல்லை, காத்தால சுடுறது" என்பார் என் கணவர் சிவானந்தம். அவர் யாழ்ப்பாணம், எதற்கும் ஒரு விளக்கம் வைத்திருப்பார். மொன்றியலுக்குப் பக்கத்தில், லொங்குய்யில் ஒரு மண்டபத்தின் நிலக்கீழ் அறையில் அந்தச் சூட்டிங் கிளப். சனிக்கிழமைகளில் அவர்தான் அவளைக் கூட்டிப் போவார். உளுந்தளவு ஈயக் குண்டு, பத்து மீற்றருக்கு அப்பால் கடதாசியில் ஒரு கறுப்பு வட்டம். அவ்வளவுதானாம். கிளப்பில் யாரோ பாவித்த ரைபிளை அவர் அவளுக்கு வாங்கிக் கொடுத்திருந்தார். அது பூட்டுப் போட்ட பெட்டியில் எங்கள் அலுமாரிக்குள் கிடந்தது. அந்த அலுமாரியில் என் சேலைகளை வைப்பதையே விட்டுவிட்டேன்.

என் மகள் சுதா சமையலறையில் நின்று எனக்குப் பாடம் நடத்துவாள். "சுடுறது எண்டு முடிவெடுக்கிற வரைக்கும் விரல் விசைக்கு வெளியால இருக்கவேணும் அம்மா. ஆக்களுக்கு நேரே நீட்டவே கூடாது. சுட்டு முடிஞ்சா குழலுக்குள்ள இந்த மஞ்சள் கயிறை விடுவம். அது தெரிஞ்சா உள்ளுக்குக் குண்டு இல்லை எண்டு அர்த்தம்." நான் மீனை வெட்டிக்கொண்டு காது கேளாதவள் போல நிற்பேன். ஆனால் காது கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

மாவட்டப் போட்டியில் அவள் முதலாவதாக வந்தாள். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர் அவளுடைய பதக்கப் படத்தை நடைபாதைப் பலகையில் குத்தினார். பெற்றோர் கூட்டத்துக்குப் போனபோது பார்த்தேன். பதக்கத்தோடு சிரித்தபடி, ரைபிளைக் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு நிற்கிறாள். அந்தச் சிரிப்பு அக்காவுடையது. அக்காவுக்கு அப்படிச் சிரிக்க வாய்த்த நாட்கள் குறைவு. அன்று பஸ்ஸில் வரும்போது முதல் தடவையாக என் மனம் இளகியது. அதுதான் நான் விட்ட பிழை.

சரஸ்வதி பூசை வந்தது. வேலை நாளில் வந்ததால் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளி வைத்தோம். இந்த ஊரில் சாமிகளும் லீவு நாளுக்குக் காத்திருக்கப் பழகிவிட்டார்கள். வில்லரேயில் இரண்டாம் மாடியில் எங்கள் வீடு. வரவேற்பறை மூலையில் படம் வைத்து, சுதாவின் புத்தகங்கள், இவர் வேலை செய்யும் களஞ்சியத்தின் பாரந்தூக்கி வண்டிச் சாவி, என் தையல் மெசின் எல்லாம் அடுக்கினோம். அவரவர் தொழிலுக்கும் படிப்புக்கும் உரியதை வைத்துக் கும்பிடுகிற நாள் அல்லவா.

"அப்ப சுதான்ட ரைபிள்?" என்றார் இவர்.

"சும்மா இருங்க."

"இல்லையப்பா, அடுத்த கிழமை மாகாணப் போட்டி. பிள்ளைக்கு அதுதானே ஆயுதம். நீர் உம்மட மெசினை வச்சிருக்கிறீர்."

சுதா திரும்பினாள். என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு வருடத்தில் அவள் என்னிடம் எதையும் கெஞ்சியதில்லை, அன்றும் கெஞ்சவில்லை. நானே போய் அலுமாரியைத் திறந்து பெட்டியைக் கொண்டுவந்தேன். அவள் மஞ்சள் கயிறு சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் படத்துக்கு முன்னால் ரைபிளைப் படுக்க வைத்தாள். குண்டு டப்பாவைப் பக்கத்தில் வைத்தாள். நான் சந்தனம் குழைத்து மூன்று இடத்தில் பூசி, அதன்மேல் குங்குமம் வைத்தேன். குங்குமம் கொஞ்சம் வழிந்து கீழே இருந்த கணக்குப் புத்தகத்தில் சிந்தியது. "தாங்ஸ் அம்மா" என்று என் தோளில் முகத்தை வைத்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தச் சந்தோசத்தில் ரெலிபோனில் ஒரு படம் எடுத்துக் குடும்ப வட்ஸ்அப்பில் போட்டேன்.

அந்தப் படத்தை இவருடைய தங்கையின் மகள் வித்தியா எடுத்துத் தன் பக்கத்தில் போட்டிருக்கிறாள். சுதாவின் பள்ளிக்கூடத்தில்தான் அவளும் படிக்கிறாள். மச்சாளைப் பற்றிப் பெருமை. சாமிப் படம் மேலே வெட்டுப்பட்டுப் போனது அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. பார்த்தவர்களுக்குத் தெரிந்தது ஒரு துவக்கு, அதற்குக் கீழே பள்ளிக்கூட முத்திரை குத்திய புத்தகம், அந்தப் புத்தகத்தில் சிவப்புக் கறை, சுற்றிவரப் பூ. யாரோ ஒரு தாய் பயந்துபோய்ப் பொலிசுக்கு ரெலிபோன் அடித்திருக்கிறாள். அவளை நான் திட்ட மாட்டேன். இந்த நகரத்தில் வகுப்பறைக்குள் துவக்கோடு ஒருவன் புகுந்து பெண் பிள்ளைகளைச் சுட்டுக் கொன்ற நாளை நினைத்து ஒவ்வொரு டிசம்பரும் வெள்ளை ரோசா வைக்கிறார்கள். அவர்களுடைய பயம் அவர்களுக்கு, என்னுடையது எனக்கு.

அன்று பின்னேரம் ஐந்து மணி இருக்கும். இவர் வெற்றிலை வாங்கப் போயிருந்தார். சுதா பாவாடை சட்டையோடு படத்துக்கு முன்னால் கொஞ்சம் தள்ளிச் சம்மணமிட்டுத் திரி திரித்துக்கொண்டிருந்தாள். நான் தேங்காய் உடைக்கக் கத்தியோடு வந்தேன். வெளியே இரும்புப் படியில் தடதடவென்று சத்தம். எங்கள் படியில் ஒருவர் ஏறினாலே வீடு அதிரும், இது பல பேர். கதவைத் தட்டவில்லை. ஒரே இடியில் நிலையோடு பெயர்ந்து உள்ளே விழுந்தது.

ஐந்து பேர். தலையில் ஹெல்மெட், நெஞ்சில் கவசம், பிரெஞ்சில் அலறல். ஐந்து துவக்கும் என் பிள்ளைக்கு நேரே நின்றன. அவளுக்கும் ரைபிளுக்கும் இடையில் மூன்று எட்டுத் தூரம்.

நான் கோழிக்கூட்டுக்குள் இல்லை. அது ஒன்றுதான் அப்போது என் தலையில் ஓடியது. பாய்ந்து போய் அவளுக்கு முன்னால் நின்று நெஞ்சில் அறைந்து கத்தினேன்: "நான்தான்! நான்தான் சுதாஜினி! என்னைக் கொண்டு போங்க!"

மொன்றியல் பொலிசுக்குத் தமிழ் எங்கே விளங்கும்? அவர்கள் கண்டது பெரிய கத்தியோடு ஓடி வந்து அலறுகிற ஒரு பொம்பிளையை. ஐந்தும் என் பக்கம் திரும்பின. அப்போது நான் விரல்களைப் பார்த்தேன். மகள் சொல்லித் தந்தது கண்ணுக்குத் தானாக வந்தது. நாலு பேரின் விரல் வெளியே இருந்தது. ஓரத்தில் நின்ற இளவட்டத்தின் விரல் விசைக்குள்ளே இருந்தது. அவனுடைய உதடு நடுங்கியது.

"அம்மா." பின்னாலிருந்து சுதாவின் குரல் வந்தது. கத்தவில்லை. "கத்தியைக் கீழ விடுங்கோ. குனியாதேங்கோ. அப்பிடியே கையை விரியுங்கோ."

விரித்தேன். கத்தி விழுந்த அதே கணம் என்னைத் தூக்கி நிலத்தில் அடித்தார்கள். ஏதோ உடைகிற சத்தம் கேட்டது. தேங்காய் என்று நினைத்தேன். என் காறை எலும்பு. வலி ஒரு நொடி கழித்து வந்தது, வந்து கண்ணை இருட்டியது. படைக்க வைத்திருந்த கடலைச் சட்டி கவிழ்ந்து, அதற்குள் என் முகத்தை அழுத்தி, அந்த இளவட்டம் என் கழுத்தில் முழங்காலை ஊன்றினான். மூச்சு இழுத்தால் கடலை மூக்குக்குள் ஏறியது. உடைந்த எலும்போடு அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கினான். நான் மிருகம் போலக் கத்தினேன். சுதா கைகளை உயர்த்தியபடி பிரெஞ்சில் திருப்பித் திருப்பி ஒன்றையே சொன்னாள். மஞ்சள் கயிறு என்று எனக்கு விளங்கிய ஒரு சொல் அதில் இருந்தது. யாரும் கயிற்றைப் பார்க்கவில்லை. ஒருவன் அவளை மயிரில் பிடித்து இழுத்துச் சுவரோடு அடித்தான். கண்ணாடி உடைந்து புருவம் கிழிந்து, பூசைப் புத்தகங்களில் உண்மையான இரத்தம் சொட்டியது. விலங்கு போட்டு இரும்புப் படியில் அவளை வெறுங்காலோடு இறக்கினார்கள். ஒக்ரோபர் குளிர். எதிர்வீட்டுச் சனம் எல்லாம் ரெலிபோனை உயர்த்திப் படம் பிடித்துக்கொண்டிருந்தது.

முக்கால் மணித்தியாலம் கழித்து ஒரு அதிகாரி ரைபிளைக் கையில் எடுத்து மஞ்சள் கயிற்றை உருவிப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டி, சுதாவின் விலங்கைக் கழற்றச் சொன்னார். ஒருவன் கதவைப் பார்த்து "டெசோலே" என்றான். மன்னிப்பு. என்னிடமா கதவிடமா கேட்டான் என்று இன்றுவரை தெரியாது.

புதன்கிழமை பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டார்கள். இவருக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் சுதாவும் போனோம், நான் வலது கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு, அவள் புருவத்தில் ஆறு தையலோடு. நடைபாதைப் பலகையில் அவளுடைய படம் இல்லை. நாலு ஊசித் துளை மட்டும் இருந்தது. எதிரே வந்த இரண்டு பெண் பிள்ளைகள் அவளைக் கண்டு சுவரோரம் ஒதுங்கின.

உப அதிபர் நல்ல மனுசி. எனக்குத் தண்ணீர் தந்தார். பிறகு பேசத் தொடங்கினார். எனக்குப் பிரெஞ்சு தொழிற்சாலை அளவுதான், சென்ட் லோரன்ட்டில் மருந்துப் பெட்டி அடுக்குகிறவளுக்கு அதற்கு மேல் எதற்கு? அதனால் தனக்குப் போட்ட தண்டனையைச் சுதாவே எனக்கு மொழிபெயர்த்தாள்.

"நான் பிழை செய்யேல்லை எண்டு அவைக்குத் தெரியுமாம். ஆனா பிள்ளையள் பயப்படுதுகளாம். துவக்கை முந்தி மாதிரிப் பாக்கேலாதாம். நான் சூட்டிங்கை விடுறன் எண்டு ஒரு கடிதத்தில சைன் வச்சா நாளைக்கே கிளாசுக்கு வரலாமாம். இல்லாட்டி வேற பள்ளிக்கூடம் பாக்கட்டாம். அம்மாவும் சைன் வைக்கவேணும்."

மேசையில் கடிதம் இருந்தது. இரண்டு வருடமாக நான் நேர்த்தி வைத்துக் கேட்டது அதுதான். ஆனால் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் பிள்ளை ஒருநாளும் விசைக்குள் விரலை விட்டு ஒரு மனுசருக்கு நேரே நீட்டியதில்லை. நீட்டியவன் எந்தக் கடிதத்தில் கையெழுத்து வைத்தான்?

"வைக்க மாட்டன்" என்றேன். "எழும்பு புள்ள. வேற பள்ளிக்கூடம் பாப்பம். போட்டிக்கும் போ. நான் கூட்டிப் போறன்."

சுதா எழும்பவில்லை. பேனையை எடுத்துத் தன் பெயரை எழுதினாள். பிறகு பேனையை என் இடது கையில் வைத்தாள்.

"வையுங்கோ அம்மா."

"ஏன்? இவங்களுக்குப் பயந்தா?"

"இவைக்கு இல்லை." உப அதிபரின் முகத்தையே பார்த்தபடி, சமையலறையில் பாடம் சொல்கிற அதே நிதானத்தில் அவள் தமிழில் சொன்னாள். "அவன் உங்கட கழுத்தில முழங்காலை வச்சான்தானே. அப்ப நான் ரைபிளைப் பாத்தனான். மூண்டு எட்டு. குண்டு பக்கத்தில இருந்தது. எத்தினை செக்கன் எடுக்கும் எண்டு யோசிச்சனான். எங்க சுடுறது எண்டும் யோசிச்சனான், ஹெல்மெட்டுக்குக் கீழ, கவசத்துக்கு மேல. அதுவரைக்கும் எனக்கு அது கடதாசி வட்டம் மட்டும்தான் அம்மா. இப்ப ஆரைப் பாத்தாலும் முதல்ல அந்த இடம்தான் தெரியுது. இந்த மிஸ்ஸைப் பாத்தாலும்."

உப அதிபர் அன்பாகச் சிரித்தபடி கழுத்துச் சால்வையைச் சரி செய்தார். அக்கா போன பாதையிலிருந்து என் மகளை இழுத்து வைத்திருப்பதாக இத்தனை நாள் நினைத்திருந்தேன். என் கையால் பொட்டு வைத்து, என் கையால் படம் எடுத்து, ஐந்து பேரை வீட்டுக்குக் கூப்பிட்டு, நானே அவளை அங்கே கொண்டுபோய் விட்டிருக்கிறேன்.

இடது கையால் கையெழுத்து வைத்தேன். முதலாம் வகுப்புப் பிள்ளை எழுதியது போல யோகமலர் கோணிக் கிடந்தது.

உப அதிபர் கடிதத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் ஏதோ கேட்டார். சுதா வாய் திறக்கவில்லை. மகள் என்ன சொன்னாள் என்று கேட்கிறார் என்பது எனக்கே விளங்கியது.

"மெர்சி" என்றேன், என் தொழிற்சாலைப் பிரெஞ்சில். "நன்றி சொல்றாள், மடம்."