மூச்சுக்கு ஓர் அலை

"தலையக் குனிஞ்சுக்கோம்மா," என்று சொல்லிக்கொண்டே சோஃபியா வீல்சேரைக் கறுப்புத் திரைக்குள் தள்ளினாள். மர்சலின் குனியவில்லை. சாந்தோமில் ஒரு பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் பி.டி. மிஸ்ஸாக இருந்தவள். அவளுக்குக் குனிந்து பழக்கமில்லை, திரைதான் விலகிக்கொண்டது.

மயிலாப்பூரில் அந்த ஹாலில் கண்காட்சிக்கு மாலையில்தான் திறப்பு விழா. சோஃபியாவுக்கு விழா இப்போதே. அம்மாவின் இதயம் இனித் தாங்காது, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். ஊரே வந்து பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சரி, தான் கம்ப்யூட்டரில் உருவாக்கிய ஒளிக்கடல் அம்மாவுக்காக ஒரு தடவையாவது எழ வேண்டும். அந்தப் பரபரப்பில் காலையிலிருந்து ஒரு வாய் காப்பிகூட அவளுக்கு இறங்கவில்லை.

மூலையில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த சித்தார்த்தன் மர்சலினிடம் படித்தவன். நரை விழுந்த பிறகும் மிஸ்ஸைக் கண்டதும் எழுந்து குதிகாலைச் சேர்த்து நின்றான். ஆரம்பிக்கலாமா என்று அவளிடமே உத்தரவு கேட்டான்.

விளக்குகள் அணைந்தன. நாலு சுவரும் தரையும் கடலாகிவிட்டன. சித்தார்த்தன் ஒரு குதி குதித்தான். அவன் காலடியில் கிளம்பிய அலை தரையில் ஓடி, சுவரில் ஏறி, கூரை வரை போயிற்று. மேலே தொங்கும் சென்சார் அசைகிறவர்களுக்கெல்லாம் அலை எழுப்பும். அசையாதவர்களை மேஜை நாற்காலியோடு சேர்த்து மறந்துவிடும்.

வந்தது வினை. பெரிதாக எதையாவது கண்டால் மர்சலின் நிமிர்ந்து, கைகளை முழங்காலில் வைத்து, சிலையாகிவிடுவாள். கொடியேற்றத்திலும் அப்படித்தான், சர்ச்சில் ஆயர் முன்னாலும் அப்படித்தான். கல்யாண ஃபோட்டோவில் மாப்பிள்ளை மட்டும்தான் சிரிப்பார். இப்போதும் கண்கள் மின்ன அப்படியே உட்கார்ந்திருந்தாள். அலைகள் அவளைச் சுற்றிக்கொண்டு போயின.

"உன் கடலுக்கு என்னப் புடிக்கலடி."

"கைய ஆட்டும்மா."

"இவ்ளோ பெரிய விஷயம் நடக்கசொல்ல எவளாவது கைய ஆட்டிக்கினு இருப்பாளா?"

அவள் ஆடுவதாக இல்லை. அதற்குப் பதில் இவர்கள் இருவரையும் லெஃப்ட் ரைட் போகச் சொன்னாள். மறுபேச்சில்லாமல் போனார்கள். கடலும் கூடவே லெஃப்ட் ரைட் போட்டது.

கிழவி பிடித்த பிடியை விட மாட்டாள், சென்சாரைத்தான் வழிக்குக் கொண்டுவர வேண்டும் என்று சோஃபியா கம்ப்யூட்டருக்கு ஓடினாள். அதன் உணர்திறனை உச்சத்துக்கு ஏற்றச் சொன்னாள். அப்புறம் ஈ பறந்தால்கூட அலை வரும், நாம் இருவரும் ஆடாமல் நிற்க வேண்டியிருக்கும் என்று சித்தார்த்தன் எச்சரித்தான். மூலையில் இருப்பவர்களின் மூச்சு மட்டும் அந்தத் தூரத்துக்கு எட்டாது, அசைந்தால் எட்டிவிடும். நின்றார்கள்.

கடல் அடங்கியது. பிறகு வீல்சேரின் அடியிலிருந்து மெல்லிய அலை ஒன்று எழுந்து, தாழ்ந்து, மறுபடி எழுந்தது.

"அது யாருடி?"

"நீதாம்மா. உன் மூச்சு."

மர்சலின் மூச்சைப் பிடித்தாள். கடல் நின்றது. விட்டாள். அலை போய்ச் சுவரைத் தொட்டது.

"பார்றி, என் பேச்சக் கேக்குது!"

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒருநாளும் இப்படிக் கேட்டதில்லை. அவள் முகமெல்லாம் சிரிப்பாகப் பிடிப்பதும் விடுவதுமாக விளையாடினாள். சோஃபியாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சிரித்தால் தன் அலை வந்து கெடுத்துவிடுமே என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

மர்சலின் மறுபடி மூச்சைப் பிடித்தாள். இந்தத் தடவை நேரம் எடுத்தாள். பிறகு அவள் தலை மெல்லப் பின்னால் சாய்ந்தது. அதற்கு ஓர் அலை எழுந்து, நிதானமாகச் சுவர் வரை போய் அடங்கியது.

அடுத்ததற்குக் காத்திருந்தார்கள்.

"போதும்மா, விடு," என்றாள் சோஃபியா. அம்மாவின் கைகள் முழங்காலில்தான் இருந்தன. முகத்தில் சிரிப்பு மாறவில்லை.

சித்தார்த்தன் விளக்கைப் போடக் கையை நீட்டினான். அவன் முழங்கையிலிருந்து ஓர் அலை கிளம்பியது.

"ஆடாத," என்றாள் சோஃபியா.

ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொள்ள அவள் உடம்பெல்லாம் துடித்தது. ஓர் அடி வைத்தால் கடல் எழுந்துவிடும், ஆனால் அது அம்மாவின் அலையாக இருக்காது. அவள் குதிகாலைச் சேர்த்து, கைகளை உடம்போடு ஒட்டி நின்றாள். மூலையில் சித்தார்த்தனும் அப்படியே நின்றான். தரையில் தண்ணீர் அசையவில்லை.