கூட்டாளியின் நெஞ்சுவலி

முப்பத்தெட்டு வருடம் மருந்துக்கடை கவுண்ட்டரில் நின்றிருக்கிறேன். அத்தனை வருடத்தில் ஒரே ஓர் ஆணுக்குக்கூட நோய் வந்து நான் பார்த்ததில்லை. நோயெல்லாம் அவர்களுடைய கூட்டாளிகளுக்குத்தான். மூலமோ, சர்க்கரையோ, "எனக்கில்லீங்க, கூட வேலை பாக்குற ஒருத்தனுக்கு" என்பார்கள். இப்படி ஒன்பதாயிரம் கூட்டாளிகளுக்கு மருந்து கொடுத்திருக்கிறேன். ஒருத்தனும் முகம் காட்டியதில்லை.

பெண்கள் வந்தால் கதையே வேறு. காலி மாத்திரை அட்டையை நீட்டி, சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா, ஏற்கெனவே போடுகிற மாத்திரையோடு ஒத்துப்போகுமா என்று துருவுவார்கள். போகிறபோக்கில் வீட்டுக்காரரின் இருமலுக்கும் நாத்தனாரின் முழங்காலுக்கும் கேட்டுவிட்டுத்தான் படியிறங்குவார்கள்.

ஓய்வுபெற்ற பிறகு இதைச் சொன்னால் பெண்கள் தலையாட்டுவார்கள், ஆண்கள் வேறு பக்கம் பார்ப்பார்கள். மறுத்துப் பேசியவன் லாரி ஓட்டும் என் மைத்துனன் மட்டும்தான். "அளந்து விடறதுக்கும் ஒரு அளவு வேணும் மாமா. ஆம்பளைங்க அவ்வளவு கோழையா?"

போன மாதம் ஒரு காலையில் அவனே என் வீட்டு மாடியேறி வந்து நின்றான்.

"எங்க ஷெட்டுல ஒருத்தனுக்கு நெஞ்சுல கல்லை வச்ச மாதிரி இருக்காம். கேஸ் மாத்திரை போதுமா மாமா?"

சொல்லிக்கொண்டே இடது கையைத் தேய்த்தான். அந்தக் கூட்டாளி யார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் கூட்டாளியைப் பொய் என்று சொல்லிவிட்டால் ஆள் இறங்கிப் போய்விடுவான். கவுண்ட்டரில் நான் கற்றது அது ஒன்றுதான்.

"அவனுக்கு வேர்க்குதா?"

"இப்பதான் வேர்க்குதாம்." நெற்றியைத் துடைத்தான்.

"அப்ப அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவோம். துணைக்கு நீயும் வா."

ஆட்டோவில் என் மனைவி தன் தம்பியை ஒட்டி உட்கார்ந்தாள். கையில் ஒரு தாள். மூன்று வாரமாக அவன் எந்தெந்தப் படியில் நின்று மூச்சு வாங்கினான், அப்பா எந்த வயதில் நெஞ்சுவலியில் போனார், எல்லாம் தேதியோடு. அவளும் அவன் மனைவியும் போனில் பேசிச் சேர்த்தது. விஷயம் கையில் இருந்தது, ஆளைத்தான் கிளப்ப முடியவில்லை.

டாக்டரிடம் அவன் "ஒண்ணுமில்லீங்க" என்றான். டாக்டர் தாளைப் படித்துவிட்டு ஓடினார். மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகம் இருக்கும்.

மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டு இதய அடைப்பை நீக்கிய மறுநாள் நர்ஸ் வந்து, "வலி எப்படி இருக்கு?" என்றாள்.

"அவனுக்கு இப்ப..." என்று தொடங்கியவன் என்னைப் பார்த்தான். பிளாஸ்டர் ஒட்டிய மணிக்கட்டைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டான்.

"எனக்குப் பரவால்ல சிஸ்டர்."

அவள் போனதும் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"ஒன்பதாயிரத்து ஒண்ணுன்னு வச்சுக்குங்க, மாமா."