சாமை மிஷினுக்கு முதல் பரிசு

சின்னக்கண்ணுவுக்குச் சால்வையைப் போர்த்திவிட்டு, பரிசு பெற்ற பொருள் மரபுப்படி இனிக் கழகத்தின் காட்சிக்கூடத்திலேயே நிரந்தரமாக இருக்கும் என்று மேடையில் அறிவித்தார்கள். கூட்டம் கைதட்டியது. எல்லோரும் தட்டுகிறார்களே என்று அவரும் தட்டினார். தன் வீட்டு ஜப்திக்குத் தானே தண்டோரா போட்டிருக்கிறோம் என்பது பஸ் ஏறித் தன் ஊரான வாழவந்தி நாடு வந்து, மிஷின் நின்ற இடத்தில் கோழி படுத்திருப்பதைப் பார்த்தபோதுதான் உறைத்தது.

கொல்லிமலைக் கலை தொழில் வளர்ச்சிக் கழகம் லேசுப்பட்டதல்ல. அறுபது வருடங்களுக்கு முன் மலையேறி வந்த அதிகாரிகளும் காப்பித் தோட்டக்காரர்களும் செம்மேட்டில் கூடி, இங்கே கலையும் இல்லை, தொழிலும் இல்லை, இரண்டையும் வளர்த்தே தீருவது என்று முடிவெடுத்தார்கள். முதலில் ஒரு தலைவரையும் நான்கு துணைத்தலைவர்களையும் வளர்த்தார்கள். பிறகு வருடத்துக்கொரு பரிசு. மிளகு உதிர்க்கும் பெட்டி, மரவள்ளி சீவும் சக்கரம், தேன் பிழியும் உருளை என்று மலைக்காரர்கள் மண்டையை உடைத்துச் செய்ததெல்லாம் கண்ணாடிக்குள் வரிசையாக நின்றன. எதற்கும் வெளியே இரண்டாவது ஒன்று கிடையாது. மலையில் இன்றும் மிளகைக் காலால்தான் மிதிக்கிறார்கள்.

சாமை குத்திக் குத்தி சின்னக்கண்ணுவின் மனைவி பாப்பாத்திக்கு வலது தோள் செத்துப்போயிருந்தது. கை இடுப்புக்கு மேல் எழும்பாது. அவளுக்காகத்தான், நன்றாக ஓடிக்கொண்டிருந்த மொபெட்டைப் பிரித்து, சக்கரத்தையும் செயினையும் மாட்டி, உமி நீக்கும் அந்த மிஷினைச் செய்தார். பரிசு கிடைத்தால் கம்பெனிக்காரர்கள் பார்த்து ஊருக்கு ஊர் செய்து தருவார்கள் என்று கழகத்தார் சொன்னதை நம்பிக் கொண்டுபோய்க் கொடுத்தார். கம்பெனிக்காரர்கள் வந்தார்கள், செல்ஃபி எடுத்துக்கொண்டு அருவிக்குப் போய்விட்டார்கள். இன்னொன்று செய்ய இன்னொரு மொபெட் இல்லை.

அறுப்பு முடிந்ததும் இருவரும் செம்மேட்டுக்குப் போனார்கள். கூடத்துக்குள் தானியம் கூடாது, எலி வரும் என்று பாப்பாத்தியின் சாமைப் பையை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். செயலாளர் வெங்கடாசலம் ராசிபுரத்திலிருந்து வேலைக்கு வந்து, ரிட்டயர் ஆகியும் மலையிறங்காதவர். டீ வரவழைத்து, கழகத்தின் வரலாற்றை மூன்றாம் துணைத்தலைவர் வரைக்கும் சொன்னார்.

"ஏனுங்க சார், சாமை ஊட்டுக்கு வந்திருச்சுங்க. மிஷினக் குடுத்தீங்கன்னா ஆட்டிட்டு, தொடச்சுக் கொண்டாந்து வெச்சுர்றேனுங்க."

"அதெப்படிங்க சின்னக்கண்ணு? ஆட்டுனா தேயும். தேஞ்சு போச்சுன்னா நாளைக்கு வர்ற சந்ததி எதைப் பாக்கும்?"

"அந்தச் சந்ததி சோறு திங்குமுங்களா," என்றாள் பாப்பாத்தி, "இல்ல, பாத்துட்டே இருந்துக்குமுங்களா?"

வெங்கடாசலம் மனம்விட்டுச் சிரித்தார். வைர விழா மலரில் இதைப் போடவேண்டும் என்றார். அதற்குள் நாமக்கல்லிலிருந்து காலேஜ் பஸ் வந்து நின்றது. கண்டுபிடித்தவரே கையால் ஓட்டிக் காட்டுவார் என்று மாணவர்களிடம் சொல்லிவிட்டு, கண்ணாடிக் கதவைத் திறந்துவிட்டார்.

சின்னக்கண்ணு கைப்பிடியைப் பிடித்தார். யாரோ வாரந்தவறாமல் எண்ணெய் போட்டிருக்கிறார்கள். வீட்டில் கடகடத்த சாமான், இங்கே பூனை மாதிரி ஓடியது. மாணவர்கள் செல்போனைத் தூக்கினார்கள். போதும் என்று யாரும் சொல்லாததால் அவர் சுற்றிக்கொண்டே இருந்தார். உமி பறக்கவில்லை. தகரத்தில் ஒரு மணி சாமை உருளும் சத்தமில்லை. பக்கத்தில் பாப்பாத்தி குனிந்து, இடது கையைக் குவித்து, மிஷினில் அரிசி விழும் வாய்க்கு நேர் கீழே நீட்டியிருந்தாள்.